காட்டுக்குள் ஓடை எங்கே பிறக்கிறது? பொருநை (தாமிரபரணி) தலைப்பகுதியில் நீர்ப்பிடிப்பு அளவீடு: ஓர் ஐயம்

சாரல்:

எல்லோருக்கும் வணக்கம். முதுநிலை நிலவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மணிமுத்தாறு அணைக்கு மேலே இருக்கும் ஒரு கிளை ஓடையின் நீர்ப்பிடிப்பைத்தான் திட்டப்பணிக்கு எடுத்திருக்கிறேன். புலிகள் காப்பகத்தின் உள்பகுதி என்பதால் ஓடையின் பெயரை இங்கே போடவில்லை. பெரும்பகுதி மழைக்காடு, நடுவில் ஒரு துண்டு தேயிலை.

செய்ய வேண்டியது எல்லோரும் செய்வதுதான்: பரப்பு, சுற்றளவு, நீளம், ஓடைகளின் நிலை (கிளைகள் சேரச் சேர ஏறும் படி எண்), கிளைப்பு விகிதம் (ஒரு நிலை ஓடைகளின் எண்ணிக்கையை அடுத்த நிலை ஓடைகளின் எண்ணிக்கையால் வகுப்பது), வடிகால் அடர்த்தி, வட்டத்தன்மை, நீட்சி விகிதம். இதையே மூன்று விதமாகச் செய்து பார்த்தேன். முதலில் விண்ணிலிருந்து ரேடாரால் அளந்த எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு. அடுத்து அதேபோல் ரேடாரால் எடுத்த ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் 30 மீட்டர் கட்டத் தரவு. கடைசியாக 1:50,000 டோப்போ ஷீட்டில் (அச்சிட்ட நிலவரைபடத்தில்) இருக்கும் நீலக்கோடுகளைக் கையால் வரைந்தேன். பரப்பு மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மற்றவை எதுவும் ஒத்துப்போகவில்லை. வட்டத்தன்மை மூன்று மாதிரி வருகிறது. வடிகால் அடர்த்தி ஒன்றில் இருப்பதைப்போல் இன்னொன்றில் இருமடங்கு. ஒரே ஓடை ஒரு படத்தில் நான்காம் நிலை, இன்னொன்றில் ஐந்தாம் நிலை.

சராசரி எடுத்துப் போட்டுவிடு என்கிறார் வழிகாட்டி. எனக்கு மனம் வரவில்லை. மூன்றில் எது சரி என்று எப்படி முடிவு செய்வது?

முகடு:

சராசரி எடுக்காதீர்கள். மூன்று கருவிகள் மூன்று வேறு பொருள்களை அளந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்து மூன்றால் வகுத்தால் வருவது எந்தப் பொருளின் அளவும் இல்லை.

பரப்பு ஒத்துப்போவதில் வியப்பில்லை. அந்த மலையில் நீர்பிரி முகடு கத்தி முனை மாதிரி கூர்மையானது. மேலே மரம் நின்றாலும் முகடு முகடாகவே தெரியும்.

சுற்றளவுதான் ஏமாற்றும். தாளில் ஒரு வட்டம் வரைந்து அதைக் கட்டங்களாக மாற்றிப் பாருங்கள். விளிம்பு படிக்கட்டாகிவிடும். மேலும் கீழும் போகும் படிகளை மட்டும் கூட்டினால் ஆரத்தைப்போல் 4 மடங்கு, பக்கவாட்டில் போகிறவை இன்னொரு 4 மடங்கு, ஆக 8. உண்மையான சுற்றளவோ ஆரத்தைப்போல் 6.28 மடங்குதான். கட்டம் 30 மீட்டராக இருந்தாலும் 3 மீட்டராக இருந்தாலும் இந்த 8 குறையவே குறையாது. மில்லர் 1953இல் கொடுத்த வட்டத்தன்மைச் சூத்திரம், நீர்ப்பிடிப்பின் பரப்பை அதே சுற்றளவுள்ள வட்டத்தின் பரப்பால் வகுப்பது. அதில் இதைப் போட்டால், 1 வரவேண்டிய வட்டத்துக்கு 0.617 வருகிறது! வட்டத்துக்கே இந்தக் கதி என்றால் பல்லும் பள்ளமுமாக இருக்கும் மலை முகட்டுக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

டோப்போ ஷீட்டில் உங்கள் கை எல்லையை வழுவழுப்பாக வரைந்திருக்கும். மென்பொருள் படிக்கட்டாக வரைந்திருக்கும். வட்டத்தன்மை மாறியதற்கு அதுவே போதும். எல்லையை ஒரே அளவில் மழுங்கச் செய்துவிட்டு மூன்றையும் மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள், வித்தியாசத்தில் பாதி காணாமல் போகும்.

கன்னடியன்_கால்:

நான் படித்து ஆராய்கிறவன் இல்லை. வீரவநல்லூர்ப் பக்கம் கார், பிசானம் இரண்டு போகமும் கால்வாய்த் தண்ணீரை நம்பி வைக்கிறவன். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். ஓடை வட்டமாக இருந்தால் என்ன, நீளமாக இருந்தால் என்ன? மழை பெய்தால் வெள்ளம் வரத்தானே போகிறது? 2023 டிசம்பரில் வந்ததே, அதை இந்த எண்கள் முன்கூட்டியே சொல்லியிருக்குமா?

ஓடைக்கரை:

நல்ல கேள்வி. நீர்வளப் பணியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விசிறி மாதிரி அகலமான நீர்ப்பிடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா மூலையிலிருந்தும் தண்ணீர் வாய்க்கு, அதாவது வெளியேறும் இடத்துக்கு, வந்துசேரக் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் ஆகும். அதனால் வெள்ளம் சட்டென்று ஏறி உச்சத்தைத் தொட்டு வடியும். முருங்கைக்காய் மாதிரி நீண்டதில், வாய்க்கு அருகே விழுந்த மழை போய்ச்சேர்ந்த பிறகுதான் தலைப்பக்கத்துத் தண்ணீர் வரும். உச்சம் தணிந்திருக்கும், நேரம் நீண்டிருக்கும். வடிவத்தை அளப்பதற்கு இதுதான் காரணம். ஷும் 1956இல் நீட்சி விகிதம் என்று ஒன்றைக் கொடுத்தார். நீர்ப்பிடிப்பின் பரப்புக்குச் சமமான ஒரு வட்டத்தை எடுத்து, அதன் விட்டத்தை நீர்ப்பிடிப்பின் நீளத்தால் வகுப்பது. 1 என்றால் வட்டம், குறையக் குறைய நீளம்.

இனி 2023க்கு வருவோம். டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. காயல்பட்டினம் கடற்கரை. அது காரையாற்றுக்கு மேலே இருக்கும் காட்டு நீர்ப்பிடிப்பில் விழுந்த மழை இல்லை. மலையிலும் அந்த நாட்களில் கடும் மழைதான், அதோடு சமவெளி முழுக்க ஒரே நேரத்தில் நிரம்பியது. மழை எங்கே, எந்தத் திசையில் நகர்ந்து பெய்கிறது என்பது வடிவ எண்ணில் இல்லை. வடகிழக்குப் பருவ மேகம் கடலிலிருந்து மலையை நோக்கி நகரும். நம் ஆறு மலையிலிருந்து கடலை நோக்கி ஓடும். மழை கீழிருந்து மேலே போனால் கீழ்ப்பகுதித் தண்ணீர் முன்னதாகவே வடிய வாய்ப்புண்டு. அப்படி நகராமல் எல்லா இடத்திலும் நின்று பெய்தால் நீள வடிவம் கொடுக்கும் சலுகை போய்விடும்.

இன்னொன்றும் பாருங்கள். பொருநையோடு சேர்வலாறு, மணிமுத்தாறு, திருப்புடைமருதூரில் கடனா, பிறகு பச்சையாறு, சீவலப்பேரியில் சிற்றாறு என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்து சேர்கின்றன. சாதாரண வருடத்தில் இவற்றின் உச்சங்கள் வேறு வேறு நேரத்தில் வரும். அவை ஒன்றாக வந்த நாள்தான் நமக்குத் துன்பமான நாள். ஆகவே, எண்கள் 2023ஐச் சொல்லியிருக்குமா என்றால் சொல்லியிருக்காது. எந்த ஓடை எவ்வளவு அவசரமாகத் தண்ணீரை இறக்கும் என்பதைச் சொல்லும். அணைக்கு வரும் நீரைக் கணிக்கிறவருக்கு அது பெரிய உதவி.

கன்னடியன்_கால்:

புரிகிறது ஐயா. முருங்கைக்காய் கணக்கு மனதில் பதிந்துவிட்டது.

வேர்:

சாரல், உங்கள் கேள்விக்கு வருகிறேன். முகடு சொன்ன சுற்றளவுச் சிக்கல் எல்லா நிலத்துக்கும் உள்ளது. மழைக்காட்டுக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு. இரண்டையும் நான் காலால் நடந்து கற்றுக்கொண்டேன்.

முதலாவது, மரம். எஸ்.ஆர்.டி.எம். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி எடுத்த தரவு. அதன் ரேடார் அலை 5.6 செ.மீ. நீளம் கொண்டது. அடர்ந்த காட்டில் அது தரைக்கு வந்து சேராது, இலைத்திரளுக்குள்ளேயே எங்கோ பட்டுத் திரும்பிவிடும். கோப்பர்நிகஸ் தரவின் அலை இன்னும் குட்டை, சுமார் 3 செ.மீ. அது மரத்தலைக்கு இன்னும் அருகிலேயே திரும்பும். பிப்ரவரி வறண்ட மாதம்தானே, இலை உதிர்ந்திருக்காதா என்று கேட்பார்கள். இது பசுமைமாறாக் காடு, உதிராது.

இதனால் எல்லா இடமும் ஒரே அளவு உயர்ந்திருந்தால் பரவாயில்லை. பள்ளத்தில் ஈரமும் மண்ணும் அதிகம் என்பதால் மரம் அங்கே நெட்டையாக வளரும். காற்றடிக்கும் முகட்டில் குட்டையாக நிற்கும். மரத்தலைகளை மட்டும் பார்த்தால் இரண்டு முகடுகளுக்கு நடுவே உள்ள பள்ளம் பாதி தூர்ந்தாற்போல் தெரியும். சிறு ஓடைகள் தரவில் மறைந்துபோவது இப்படித்தான். உங்கள் இடத்தில் தேயிலையும் இருக்கிறது. தேயிலை இடுப்பளவு, பக்கத்துக் காடு பத்து ஆள் உயரம். அந்த எல்லையில் இல்லாத ஒரு சுவர் தரவில் எழுந்து நிற்கும். மென்பொருள் அந்தச் சுவரை மலை என்று நம்பி, ஓடையைக் காட்டு விளிம்பை ஒட்டியே கொண்டுபோகும். உங்கள் படத்தில் தேயிலை ஓரமாக நேர்க்கோட்டில் ஓடும் ஓடை ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாவது, ஓடையின் தலை. அதை எழுத இடம் வேண்டும், மாலையில் எழுதுகிறேன்.

சாரல்:

அக்கா, இருக்கிறது! இரண்டு ஓடைகள் தேயிலை எல்லையை ஒட்டி ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஓடுகின்றன. பாறைப் பிளவை ஒட்டி ஓடுகிறது என்று விளக்கம் எழுதி வைத்திருந்தேன்.

முகடு:

பாறைப் பிளவு என்ற விளக்கமும் அந்த மலையில் பொருந்தக்கூடியதுதான், அதனால்தான் ஏமாந்துவிட்டீர்கள். சார்னோகைட், நைஸ் என்ற கடினப் பாறைகள் வெடித்த கோடுகளில் ஓடைகள் நேராகப் போவதுண்டு. கிளைப்பு விகிதம் வழக்கமான 3, 4, 5ஐத் தாண்டும்போது பாறையின் பிடிப்பு இருக்கிறது என்பார்கள். ஆனால் நேர்க்கோடு செயற்கைக்கோள் படத்தில் தேயிலை விளிம்போடு வளைவுக்கு வளைவு பொருந்தினால் அதற்குக் காரணம் பாறை இல்லை.

வேர்:

ஓடையின் தலை பற்றி.

காரையாறு பக்கம் காணி பழங்குடியினர் குடியிருப்பில் ஒரு பெரியவர். வனத்துறை அனுமதியோடு ஒரு பணிக்குப் போயிருந்தபோது அவர்தான் வழிகாட்டியாக வந்தார். என் கையிலிருந்த வரைபடத்தில் ஓர் இடத்தைக் காட்டி, "ஓடை இங்கேதானே தொடங்குது?" என்று கேட்டேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. "எந்த மாசத்துல?" என்று திருப்பிக் கேட்டார்.

பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அது பங்குனி மாதம். முதலில் தண்ணீர் கசியும் இடம். ஒரு பாறைக்கு அடியில் ஊற்றுக்கண், கைக்குழி அளவு, அடியில் மணல் மெல்லப் புரண்டுகொண்டிருந்தது. அதற்கு மேலே ஏறினோம். தண்ணீர் இல்லை, ஆனால் தரையில் ஒரு தடம் இருந்தது. இருபுறமும் முழங்கால் உயரத்துக்குக் கரை, நடுவில் இலைச்சருகு இல்லாமல் கழுவிவிட்ட சரளைக்கல். அவர் அதைக் காலால் தட்டி, "ஐப்பசியில இதுவரை வரும்" என்றார். இன்னும் மேலே ஏறியதும் கரை மறைந்தது. ஒரு மெல்லிய குழிவு மட்டும், அதில் சருகு எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து படிந்திருந்தது. "பெருமழையில இங்கிருந்து வரும். ரெண்டு நாள்தான்." அப்படியே நின்று திரும்பிப் பார்த்தேன். கீழே விட்டுவந்த ஊற்றுக்கண் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரே ஓடைக்கு மூன்று தலை.

வடிகால் அடர்த்தி என்பது ஓடைகளின் மொத்த நீளத்தைப் பரப்பால் வகுப்பது, அவ்வளவுதான். எந்தத் தலையிலிருந்து நீளத்தை அளக்கிறோம்? டோப்போ ஷீட் வரைந்தவர் ஒன்றை எடுத்திருப்பார். மென்பொருளுக்கு நீங்கள் கொடுத்த வரம்பு, அதாவது எத்தனை கட்டத்தின் தண்ணீர் சேர்ந்தால் ஓடை என்ற எண், இன்னொன்றை எடுத்திருக்கும். இதில் பொய் எதுவும் இல்லை, எதை எடுத்தோம் என்று எழுதாமல் விடுவதுதான் தவறு.

ஓடைக்கரை:

அம்மா, அந்தப் பெரியவர் கேட்ட ஒரு கேள்வி ஒரு பாடப்புத்தகத்துக்குச் சமம்.

இதோடு ஒன்று சேர்க்கிறேன். ஹார்ட்டன் 1945இல் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கு அடித்தளம். மண் உறிஞ்சும் வேகத்தைவிட மழையின் வேகம் அதிகமானால் மிஞ்சிய நீர் தரைமேல் வழிந்து ஓடும், அந்த ஓட்டமே ஓடையை அறுக்கிறது என்பது அவர் பார்வை. வெட்டவெளியில், உழுத நிலத்தில் இது சரி. மழைக்காட்டு மண் அப்படி இல்லை. சருகு மெத்தை, வேர்த்துளை, மண்புழுத் துளை எல்லாம் சேர்ந்து பெருமழையையும் உள்ளே வாங்கிவிடும். தண்ணீர் மண்ணுக்குள்ளேயே சரிவில் இறங்கி, ஓடைக்கு அருகே மண் நிறைந்து ஊறிய இடத்தில்தான் வெளியே வருகிறது. அந்த ஊறிய இடம் மழைக்கு மழை விரியும், சுருங்கும். ஓடைத்தலை நகர்வதற்குக் காரணம் இதுதான். ஆகவே "தரைமேல் ஓட்ட நீளம்" என்ற கட்டம் உங்கள் அட்டவணையில் இருந்தால், இந்தக் காட்டில் தரைமேல் ஓட்டம் அபூர்வம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

நெல்லை_வரைபடம்:

எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. தலை எங்கே என்று ஒவ்வொரு ஓடைக்கும் நடந்து பார்க்க முடியுமா? முண்டந்துறை மாதிரி இடத்தில் அனுமதி வாங்கவே மாதங்கள் ஆகும். யானை, கரடி எல்லாம் இருக்கின்றன. அதனால்தான் ஒரே தரவு, ஒரே வரம்பு என்று வைத்துக்கொள்கிறோம். ஓர் எண்ணின் தனி மதிப்பு பிழையாக இருந்தாலும், பத்து நீர்ப்பிடிப்புகளுக்கும் அதே பிழை இருக்கும் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எது முதலில் கவனிக்க வேண்டிய நீர்ப்பிடிப்பு என்று வரிசைப்படுத்த அது போதுமே. ஒரு மாணவியின் திட்டப்பணியில் இவ்வளவு ஐயத்தை ஏற்றினால் அவர் முடிப்பது எப்போது?

முகடு:

நியாயமான வாதம். பத்து நீர்ப்பிடிப்பும் ஒரே மாதிரிக் காடாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஒன்று காடு, ஒன்று தேயிலை, ஒன்று பாறை என்று இருந்தால் பிழையும் மூன்று மாதிரி ஆகிவிடும். காட்டில் ஓடை மறையும், தேயிலையில் தெளிவாகத் தெரியும். "தேயிலை நிலத்தில் வடிகால் அடர்த்தி அதிகம், ஆகவே அரிப்பு அதிகம்" என்று முடிவு எழுதுவோம். அது நிலத்தின் குணமாகவும் இருக்கலாம், ரேடாரின் குணமாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க முடியாத நிலையில் வரிசைப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வரிசைப்படுத்துவது பற்றிப் பேச்சு வந்ததால் ரொம்ப நாளாக மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டவணைகளில் பத்துப் பன்னிரண்டு அளவுகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டிச் சராசரி எடுப்பார்கள். அவை உண்மையில் பன்னிரண்டு அளவுகளா?

ஒரு நீர்ப்பிடிப்பு, பரப்பு 40 சதுர கி.மீ., நீளம் 10 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட்டனின் வடிவக் காரணி என்பது பரப்பை நீளத்தின் வர்க்கத்தால் வகுப்பது: 0.40. அதைத் தலைகீழாக்கினால் இன்னொரு பெயரில் ஓர் எண்: 2.5. நீட்சி விகிதம்: 0.71. மூன்றும் பரப்பு, நீளம் என்ற இரண்டிலிருந்தே வந்தவை. வடிவக் காரணியின் வர்க்கமூலத்தை 1.128ஆல் பெருக்கினால் நீட்சி விகிதம் வந்துவிடும். ஒன்று தெரிந்தால் மற்ற இரண்டும் தெரியும். வட்டத்தன்மையும் 1914இல் கிராவேலியஸ் கொடுத்த இறுக்கக் குணகமும் (சுற்றளவை, அதே பரப்புள்ள வட்டத்தின் சுற்றளவால் வகுப்பது) அப்படித்தான்: குணகத்தின் வர்க்கத்தைத் தலைகீழாக்கினால் வட்டத்தன்மை. வடிகால் அடர்த்தியைத் தலைகீழாக்கினால் ஷும் சொன்ன ஓடைப் பராமரிப்பு மாறிலி, அதில் பாதி தரைமேல் ஓட்ட நீளம். எட்டுக் கட்டங்கள், உள்ளே இருப்பதோ மூன்றே செய்திகள். ஒரே சாட்சியை மூன்று சட்டை மாற்றி மூன்று முறை கூண்டில் ஏற்றுவது மாதிரி. நீளத்தை அளந்ததில் ஒரு பிழை வந்தால் அது மூன்று மதிப்பெண்ணைக் கெடுக்கும்.

நெல்லை_வரைபடம்:

இதை மறுக்க முடியாது. நானே இப்படி அட்டவணை போட்டிருக்கிறேன். தேயிலை விஷயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரம்பு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

முகடு:

ஒன்றாக இருக்கட்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. சாரல், நீங்கள் எத்தனை கட்டம் வைத்தீர்கள்?

சாரல்:

1000 கட்டம் அண்ணா. மென்பொருள் பயிற்சிக் காணொளியில் அப்படித்தான் வைத்தார்கள்.

முகடு:

30 மீட்டர் கட்டம் ஒன்று 900 சதுர மீட்டர். 1000 கட்டம் என்றால் 90 ஹெக்டேர். 90 ஹெக்டேர் காட்டின் தண்ணீர் ஒன்றுசேர்ந்த பிறகுதான் ஓடை பிறக்கும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அக்கா காட்டிய ஊற்றுக்கண்ணை நினைத்துப் பாருங்கள். வரம்பை நான்கில் ஒன்றாகக் குறைத்தால் வடிகால் அடர்த்தி ஏறக்குறைய இருமடங்காகும். உங்கள் முதல் பதிவில் இருந்த இருமடங்குக்கு விடை இதிலேயே இருக்கலாம். ஓடையின் நிலையும் அதோடு மாறும். ஸ்ட்ராலர் முறையில் இரண்டு முதல்நிலை ஓடைகள் சேர்ந்தால் இரண்டாம் நிலை. அடியில் ஒரு வரிசைச் சிற்றோடைகள் புதிதாக முளைத்தால் மேலே எல்லாம் ஒரு படி ஏறிவிடும்.

சாரல்:

மரத்தின் உயரத்தைக் கழித்த தரவு ஒன்று வந்திருப்பதாகப் படித்தேன், ஃபாப்டெம். அதை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

வேர்:

நிச்சயம் முன்னேற்றம்தான். கோப்பர்நிகஸ் தரவிலிருந்து மரங்களையும் கட்டடங்களையும் கழிக்கப் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் செய்தது, 2022இல் வெளிவந்தது. தேயிலை விளிம்புச் சுவர் பெரும்பாலும் தணிந்திருக்கும். ஆனால் கழிக்கும் உயரம் ஒரு கணிப்பு. மரத்துக்கு அடியில் மறைந்த ஐந்து மீட்டர் அகலப் பள்ளத்தை அது தோண்டி எடுத்துத் தராது. பிரேசிலில் மனாஸ் அருகே மழைக்காட்டு நீர்ப்பிடிப்பில் வேலை செய்தவர்கள் 2008இல் வேறு ஒரு வழி பிடித்தார்கள். எஸ்.ஆர்.டி.எம். தரவே போதும் என்று வைத்து, ஒவ்வோர் இடமும் அதற்கு அருகில் உள்ள ஓடையைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். எங்கே நிலம் ஊறி நிற்கும், எங்கே காய்ந்திருக்கும் என்று அதை வைத்துப் பிரித்தார்கள். அவர்களும் களத்தில் சரிபார்த்த பிறகே நம்பினார்கள். நீங்களும் ஒரு சில ஓடைத்தலைகளையாவது நேரில் பாருங்கள். ஐந்து போதும்.

கன்னடியன்_கால்:

போகும்போது தனியாகப் போகாதே தங்கச்சி. அட்டைக்கு உப்பும் புகையிலையும் துணியில் கட்டி எடுத்துக்கொள்.

சாரல் (ஏழு வாரம் கழித்து):

அனுமதி கிடைத்தது. வனக்காவலர்கள் இருவரோடு போய்வந்தேன். ஐந்தில் மூன்றுதான் பார்க்க முடிந்தது. மற்ற இரண்டுக்கும் போகும் வழியில் யானைக்கூட்டம், திரும்பிவிட்டோம்.

முதல் ஓடை: என் படத்தில் தொடங்கும் இடத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டே போனோம், கால் மணி நேரம் ஏறியும் தடம் நிற்கவில்லை. கரை, சரளைக்கல் எல்லாம் வேர் அக்கா எழுதிய மாதிரியே. தலையில் ஜிபிஎஸ் பிடித்தால் எண் குதித்துக்கொண்டே இருந்தது. இலைக்கூரை அவ்வளவு அடர்த்தி. பத்து நிமிடம் அசையாமல் வைத்துச் சராசரி எடுத்தேன். இந்தச் சராசரி பரவாயில்லை என்று நினைக்கிறேன், ஒரே இடத்தைத்தானே அளந்தேன்.

இரண்டாவதும் கிட்டத்தட்ட அப்படியே. மூன்றாவது, தேயிலை ஓரத்து நேர்க்கோட்டு ஓடை. அங்கே ஓடையே இல்லை. ஒற்றையடிப் பாதை இருக்கிறது. உண்மையான ஓடை காட்டுக்குள்ளே இறங்கிப் போகிறது. வெளியில் நின்றால் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்.

வரம்பை இந்தத் தலைகளை வைத்து மாற்றிக்கொண்டேன். அட்டவணையை மூன்று அளவாகக் குறைத்து, தரவு எது, வரம்பு எது, எந்த மாதத்துத் தலை என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதிவிட்டேன். வழிகாட்டி பார்த்துவிட்டு, மீதி எங்கே என்று கேட்டார். முகடு அண்ணா சொன்ன 40, 10 கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அதையும் ஒரு பக்கமாக உள்ளே சேர்த்துவிடு என்றார்.

ஓடைக்கரை:

சந்தோஷம் அம்மா. மூன்று தலைக்கும் எண்ணோடு தேதியும், அதற்கு முந்தைய பத்து நாள் மழையும் எழுதி வை. ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி போக அனுமதி கிடைத்தால் அதே மூன்று இடத்துக்கும் போய், எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று டேப் வைத்து அள.